ரசாயன சரித்திரம் – 11: பெயர் அறிந்தும் எண்ணிக்கை அறியாத காலம்

சென்ற இதழில், லவாய்ஸியர் தம் தராசின் துணைகொண்டு 'ப்ளாஜிஸ்டன்' என்னும் கற்பிதப் பொருளை ரசாயன சாஸ்திரத்தினின்று வெளியேற்றிய வரலாற்றைப் பார்த்தோம். எரிதல் என்பது ஒரு வஸ்து தன்னிடமுள்ள ஏதோ ஒன்றை இழப்பதன்று, காற்றின் ஒரு பகுதியைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதே என்று நிலைநாட்டப்பட்ட பிற்பாடு, பழைய கொள்கையை நம்பி வைத்திருந்த பெயர்களெல்லாம் வேரறுந்த செடிகளைப் போல் நின்றுவிட்டன. சாஸ்திரம் புதிதாகிவிட்டது, அதைப் பேசுவதற்குரிய பாஷையோ பழையதாகவே இருந்தது. அந்தப் பாஷை 1787ஆம் ஆண்டில் மாறிய கதையையும், மாறிய பின்னரும் தினந்தோறும் நாம் குடிக்கும் நீருக்குச் சரியான வாய்பாடு எழுத இன்னும் 73 ஆண்டுகள் பிடித்த கதையையும் இந்த இதழில் சொல்ல எண்ணுகிறேன்.

சில நாட்களுக்கு முன் கடைத்தெருவில் உள்ள நாட்டு மருந்துக் கடை ஒன்றில் ஏறி, 'காப்பர் சல்பேட்' இருக்கிறதா என்று கேட்டேன். திண்டில் சாய்ந்திருந்த முதியவர், அப்படி ஒரு சரக்கைத் தம் தகப்பனார் காலத்திலும் விற்றதில்லை என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினார். "மயில்துத்தம், ஐயா" என்று நான் திருத்திக்கொண்டதும், "அதைச் சொல்லக்கூடாதா, தம்பி!" என்று, மேல் தட்டிலிருந்த தகர டப்பாவை இறக்கி, மயிலின் கழுத்து நிறம் அப்படியே உறைந்தாற்போன்ற கட்டிகளில் இரண்டை நிறுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். நாங்கள் இருவரும் குறித்தது ஒரே வஸ்துவைத்தான். அவர் வழங்கும் பெயர் கண்ணுக்குத் தெரிகிற நிறத்தைச் சொல்லுகிறது. நான் வழங்கிய பெயரோ கண்ணுக்குத் தெரியாத உட்கூறுகளை, அதாவது அதில் செம்பும் கந்தகமும் பிராணவாயுவும் இருப்பதை, சொல்லுகிறது. இந்த இரண்டாவது வகைப் பெயர்தான் 1787இல் பாரிஸில் பிறந்தது.

அதற்கு முன் ஐரோப்பாவில் இருந்த நிலைமை நம் நாட்டு மருந்துக் கடை நிலைமைதான். பார்க்கப்போனால் அதைவிட மோசம். செம்புக்குச் சுக்கிரன், இரும்புக்குச் செவ்வாய், ஈயத்துக்குச் சனி என்று உலோகங்களுக்குக் கிரகங்களின் பெயரையும் குறியையும் இட்டு, ரசவாதிகள் எழுதிவைத்த வழக்கம் அப்படியே தொடர்ந்து வந்தது. நம் சித்தர்கள் பரிபாஷையால் மறைத்ததைப் போலவே அவர்களும் மறைக்க விரும்பியே மறைத்தார்கள். இப்பொழுது நாம் பொட்டாசியம் சல்பேட் என்று வழங்கும் ஒரே உப்புக்கு 'இரட்டை ரகசியம்' என்று ஒரு பெயர், 'இரண்டிலிருந்து வந்த உப்பு' என்று ஒரு பெயர், 'விட்ரியல் ஏற்றிய டார்ட்டர்' என்று ஒரு பெயர், செய்தவருடைய பெயரால் மற்றொரு பெயர் என்று பல பெயர்கள் வழங்கின. ஆன்டிமனியின் குளோரைடுக்கு 'ஆன்டிமனி வெண்ணெய்' என்று பெயர். அந்த வெண்ணெய் தோலில் பட்டால் வெந்து போகும். ஈயத்தின் உப்பு ஒன்றுக்கு 'ஈயச் சர்க்கரை' என்று பெயர். அது இனிக்கவும் செய்யும், கொல்லவும் செய்யும். உலோகங்களின் ராஜ்யத்தில் வெண்ணெயும் இல்லை, எண்ணெயும் இல்லை, பூவும் இல்லை. இப்பெயர்களைப் பூண்டவை பெரும்பாலும் கொடிய விஷங்களே என்று லவாய்ஸியர் பின்னர் மனம் கசந்து எழுதினார்.

ஆயினும் பழைய பெயர்களெல்லாம் பேதைமையின் விளைவு என்று தள்ளிவிடுவதற்கில்லை. நம்மவர் செம்பின் நீல உப்பை மயில்துத்தம் என்றும், துத்தநாகத்தின் வெள்ளை உப்பைப் பால்துத்தம் என்றும் ஒரே குடும்பப் பெயரில் அடக்கினார்கள். ஐரோப்பியரும் நீல விட்ரியல், வெள்ளை விட்ரியல், பச்சை விட்ரியல் என்று அவற்றோடு இரும்பின் அன்னபேதியையும் சேர்த்து ஒரே குடும்பமாக்கினார்கள். மூன்றும் கந்தகத் திராவகத்தின் உப்புகளே என்று இன்று அறிகிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத காலத்திலேயே கையும் நாக்கும் உறவைக் கண்டுபிடித்துவிட்டன. தவிரவும், ஆங்கிலேயர் 'விட்ரியல் எண்ணெய்' என்று எண்ணெயே இல்லாததை எண்ணெயாக்கிக்கொண்டிருந்த பொருளுக்குக் கந்தகத் திராவகம் என்று பிறப்பைச் சுட்டிய தமிழ்ப் பெயர், லவாய்ஸியர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருக்கக்கூடிய பெயர்.

சீர்திருத்தத்தைத் தொடங்கியவர் ரசாயனத்தையே தொழிலாகக் கொண்டவர் அல்லர். டிஜோன் நகரத்து நீதிமன்றத்தில் அரசாங்க வழக்கறிஞராக இருந்த கிதோன் தெ மோர்வோ என்பவர், சட்டப் புத்தகங்களுக்கிடையே ரசாயனம் பயின்று, பெரிய கலைக்களஞ்சியம் ஒன்றுக்கு ரசாயனப் பகுதியை எழுதித்தர ஒப்புக்கொண்டிருந்தார். களஞ்சியம் எழுத உட்கார்ந்தவனுக்கல்லவா பெயர்களின் குழப்பம் முழுமையாகத் தெரியும்? எந்தச் சொல்லின் கீழ் எந்தப் பொருளைச் சேர்ப்பது என்று திகைத்தவர், 1782இல் ஒரு கட்டுரை வெளியிட்டு, ஒரு பொருளுக்கு ஒரே பெயர் இருக்கவேண்டும், கூட்டுப்பொருளின் பெயர் அதன் கூறுகளைக் காட்டவேண்டும், கூறுகள் தெரியாதவிடத்துத் தவறான எண்ணத்தைத் தரும் பெயரைவிடப் பொருளற்ற பெயரே மேல் என்று சில விதிகளை வகுத்தார். வழக்கறிஞர் அல்லவா, சாட்சியம் இல்லாத இடத்தில் மௌனமே தக்கது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது! உப்சலாவிலிருந்த சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்க்மன், தகாத பெயர் எதற்கும் இரக்கம் காட்டவேண்டாம் என்று அவருக்கு ஊக்கம் கொடுத்து எழுதிவிட்டு 1784இல் காலமானார்.

1787இன் தொடக்கத்தில் கிதோன் பாரிஸுக்கு வந்தார். வந்தபோது அவர் பழைய ப்ளாஜிஸ்டன் கட்சி. லவாய்ஸியரின் ஆய்வுக்கூடத்தில் சில வாரங்கள் பழகிய பின் கட்சி மாறிவிட்டார். லவாய்ஸியர், கிதோன், சவாய் நாட்டவரான பெர்த்தொலே, சொல்வன்மை மிக்க பூர்க்ருவா ஆகிய நால்வரும் கூடிப் பேசிப் பேசி ஒரு புதிய பாஷையைச் சமைத்தார்கள். ஏப்ரல் 18ஆம் தேதி லவாய்ஸியர் விஞ்ஞான அகாதெமியில் அதன் நோக்கத்தை விளக்கி வாசித்தார். நாம் சிந்திப்பதே பாஷையின் மூலமாகத்தான், ஆகையால் பாஷை திருந்தாமல் சாஸ்திரம் திருந்தாது என்னும் காந்தியாக் என்ற தத்துவ ஞானியின் கருத்தை அவர் அஸ்திவாரமாகக் கொண்டார். அகாதெமி நியமித்த கமிட்டியில் பழைய கட்சியினர் இருந்தபடியால், அவர்கள் ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. காலம் தீர்ப்புச் சொல்லட்டும் என்று நழுவிக்கொண்டார்கள். அவ்வாண்டிலேயே 300 பக்கங்களுக்குச் சற்று மேற்பட்ட நூலாக அது வெளிவந்தது. மடித்து வைக்கப்பட்ட பெரிய அட்டவணை ஒன்று அதில் உண்டு. மேற்கொண்டு பகுக்கமுடியாதவை எனக் கருதப்பட்ட 55 வஸ்துக்கள் அதில் வரிசையாக நிற்கின்றன. ஒளியும் வெப்பமும்கூட அவ்வரிசையின் தலையில் வீற்றிருக்கின்றன என்பதைப் பார்க்கும்போது நமக்குப் புன்னகை வரலாம். ஆனால் நம் காலத்து அட்டவணைகளைப் பார்த்து நம் பேரப்பிள்ளைகள் என்ன செய்வார்களோ!

புதிய பாஷையின் சாமர்த்தியம் முழுவதும் விகுதிகளில் அடங்கியிருந்தது. கந்தகம் பிராணவாயுவோடு இரண்டு தரத்தில் சேர்ந்து இரண்டு அமிலங்களைத் தருகிறது. மிகுதியாகச் சேர்ந்ததற்கு 'சல்பியூரிக்' என்றும், குறைவாகச் சேர்ந்ததற்கு 'சல்பியூரஸ்' என்றும் பெயர். முன்னதன் உப்புகள் 'சல்பேட்'. பின்னதன் உப்புகள் 'சல்பைட்'. பிராணவாயு கலவாமல் கந்தகம் நேரே உலோகத்தோடு கூடினால் வேறொரு விகுதி. பிரெஞ்சில் 'சல்பியூர்' என்றார்கள், ஆங்கிலத்தில் அது பின்னர் 'சல்பைடு' ஆயிற்று. வினைமுற்றின் விகுதியைக் கேட்டே பாலையும் இடத்தையும் அறிந்துகொள்ளும் தமிழனுக்கு இந்த உபாயத்தின் அருமையை விளக்கவேண்டியதில்லை. விகுதியை மாற்றினால் அமிலம் உப்பாகும். முன்னே உலோகத்தின் பெயரை மாற்றினால் உப்பு வேறாகும். நூற்றுக்கணக்கான பெயர்களை மனப்பாடம் செய்த மாணவன், ஒரு நாற்பது ஐம்பது பகுதிகளையும் ஐந்தாறு விகுதிகளையும் கற்று, இன்னும் ஒருவரும் செய்து பார்க்காத உப்புக்கும் பெயர் சொல்லக்கூடியவனானான்.

இங்கே ஒரு சிறு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் டகரம் ஒன்றே வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் நின்றாகவேண்டியிருப்பதால், சல்பைட் எது, சல்பைடு எது என்று நம் பிள்ளைகள் பரீட்சையில் மயங்குகிறார்கள். பிராணவாயு உள்ளதைச் 'சல்பைட்டு' என்று இரட்டித்தும், இல்லாததைச் 'சல்பைடு' என்று ஒற்றையாகவும் எழுதும்படி உபாத்தியாயர்கள் கற்பிக்கிறார்கள். ஒரு 'ட்' வந்தால் உள்ளே பிராணவாயு வந்தது, போனால் போயிற்று!

பிராணவாயு என்றதும் இந்தப் பாஷையின் பெருந்தவறு நினைவுக்கு வருகிறது. அமிலங்களுக்கெல்லாம் புளிப்பைத் தருவது இந்த வாயுவே என்று லவாய்ஸியர் திண்ணமாக நம்பி, 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அதற்கு 'ஆக்ஸிஜன்' என்று பெயரிட்டார். கூறுகளை மட்டும் சொல்லவேண்டிய பெயருக்குள் ஒரு கொள்கை நுழைந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அதே 1787இல் நால்வருள் ஒருவரான பெர்த்தொலே, 'பிரஸ்ஸிக்' அமிலம் என்னும் கொடிய விஷத்தைப் பகுத்து, அதில் கரியும் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் இருக்கின்றனவேயன்றி ஆக்ஸிஜன் காணப்படவில்லை என்று கண்டார். உப்பிலிருந்து கிடைக்கும் அமிலத்திலும் அது அகப்படவில்லை; இருந்தும், அதற்குள் ஆக்ஸிஜன் ஒளிந்துதான் இருக்கவேண்டும் என்று பெயரின் மேலிருந்த பக்தியால் இருபது ஆண்டுகளுக்கு மேல் தேடினார்கள். 1810இல் லண்டனில் ஹம்ப்ரி டேவி, அவ்வமிலத்திலிருந்து பெறப்படும் பச்சை வாயுவை எவ்வளவு வதைத்தும் அதிலிருந்து ஆக்ஸிஜனைப் பெறமுடியாமற்போகவே, அது தனியானதொரு மூலப்பொருளே என்று அறிவித்து, கிரேக்க மொழியில் வெளிர்ப் பச்சையைக் குறிக்கும் சொல்லால் 'குளோரின்' என்று பெயர் வைத்தார். எந்தக் கொள்கை வீழ்ந்தாலும் வீழாத பெயராக இருக்கட்டும் என்றே அவர் நிறத்தைப் பற்றிக்கொண்டார். மயில்துத்தக் கடைக்காரர் செய்ததும் அதுவே.

ஜெர்மானியர் ஆக்ஸிஜனைத் தம் மொழியில் 'புளிப்புப் பொருள்' என்று மொழிபெயர்த்து, தவற்றையும் உடன் மொழிபெயர்த்துக்கொண்டார்கள். தமிழுக்கு வந்த பெயரோ பிராணவாயு. பிரெஞ்சுக்காரர் 1787க்கு முன் அதற்கு வழங்கிய 'உயிர்க்காற்று' என்னும் பெயரின் பொருளும் அதுவேயாகையால், நாம் அறியாமலேயே தவற்றிலிருந்து தப்பித்தோம். அதே சமயம் 'கரியமிலவாயு' என்று நாம் சொல்லும்போது, நால்வர் வைத்த 'கார்பானிக் அமில வாயு' என்னும் பெயரை அப்படியே வழங்குகிறோம். அவர்கள் நாட்டிலும் அப்பெயர் பாடப்புத்தகத்தை விட்டு மறைந்துவிட்டது. இப்படி ஒரு காற்றுக்குப் பழைய பெயரும் மற்றொரு காற்றுக்குப் புதிய பெயரும் நம்மிடம் தங்கியிருக்கின்றன.

சரி, உள்ளே இருப்பவை எவை என்பதைப் பெயர் சொல்லிவிட்டது. எவ்வளவு என்பதைச் சொல்லவில்லை. அடுத்த சண்டை அதைப் பற்றியதுதான். அதிலும் ஒரு பக்கத்தில் நின்றவர் பெர்த்தொலே. இரண்டு பொருள்கள் சேரும்போது, கைவசமுள்ள அளவுக்கும் சூழ்நிலைக்கும் ஏற்ப எந்த விகிதத்திலும் சேரலாம் என்பது அவர் கட்சி. ஸ்பெயினில் உத்தியோகம் பார்த்துவந்த பிரெஞ்சுக்காரரான ப்ரூஸ்து, இயற்கையில் கிடைக்கும் பச்சைச் செம்புக் கல்லையும் தாம் ஆய்வுக்கூடத்தில் செய்த செம்புக் கார்பனேட்டையும் நிறுத்துப் பகுத்து, இரண்டிலும் கூறுகளின் விகிதம் ஒன்றே என்று 1799இல் எழுதினார். இருவரும் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் பத்திரிகைகளில் வாதிட்டார்கள். ஒரு கடுஞ்சொல் கிடையாது. நம் இலக்கிய வாதங்களில் ஈடுபட்டோர் அந்தப் பழைய பக்கங்களை ஒரு தடவை புரட்டிப் பார்க்கலாம்.

கடைக்காரர் கொடுத்த கட்டியில் ஒன்றை நான் பொடித்து, ஒரு சோதனைக் குழாயிலிட்டு, ஸ்பிரிட் விளக்கின் மேல் மெல்லக் காட்டினேன். சற்று நேரத்தில் குழாயின் குளிர்ந்த மேற்பகுதியில் பனித்துளிபோல் நீர் அரும்பிற்று. நீலம் விளிம்பிலிருந்து வெளுத்துக்கொண்டே வந்து, கடைசியில் குழாயின் அடியில் சாம்பலொத்த வெண்பொடிதான் மிஞ்சியது. குழாய் ஆறியபின் அப்பொடியில் ஒரு சொட்டு நீர் விட்டேன். 'சுர்' என்றது, குழாய் விரலைச் சுட்டது, போன நீலம் திரும்பி வந்துவிட்டது. மயிலின் நிறம் செம்பில் மட்டும் இல்லை, அதோடு கூடிய நீரிலும் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிகிறது. அந்த நீரை நிறுத்துப் பார்ப்பவர்களுக்கு 100 பங்கு மயில்துத்தத்தில் சுமார் 36 பங்கு நீர் என்று கிடைக்கும். மதுரையில் வாங்கினாலும் மாட்ரிட்டில் வாங்கினாலும், சரக்கு சுத்தமாயிருந்தால், அந்த 36 மாறாது. ப்ரூஸ்து சொன்னது இதைத்தான். வெற்றி அவருக்கே என்று சாஸ்திரம் முடிவு செய்தது. பெர்த்தொலேயும் முற்றிலும் தோற்கவில்லை என்பதற்கு, விகிதம் சற்றே முன்பின்னாக இருக்கும் இரும்பு ஆக்ஸைடு போன்ற சில திடப்பொருள்களுக்கு 20ஆம் நூற்றாண்டில் அவர் பெயராலேயே 'பெர்த்தொலைடு' என்று பெயர் கொடுத்திருப்பது சாட்சி.

விகிதம் ஏன் மாறுவதில்லை? மான்செஸ்டர் நகரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்துவந்த நெசவாளி மகன் ஜான் டால்டன் இதற்கு விடை கொடுத்தார். ஒவ்வொரு மூலப்பொருளும் தனக்கேயுரிய எடை கொண்ட அணுக்களால் ஆனது; சேர்க்கை என்பது அணுவோடு அணு ஒட்டுவது; அணுவைப் பாதியாக வெட்டமுடியாதாகையால் விகிதமும் மாறமுடியாது. 1803ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் தம் நோட்டுப் புத்தகத்தில் அணு எடைகளின் முதற் பட்டியலை எழுதினார். 1808இல் நூலாக வெளியிட்டார். ஒவ்வோர் அணுவுக்கும் ஒரு வட்டம் போட்டார்: ஆக்ஸிஜனுக்கு வெறும் வட்டம், ஹைட்ரஜனுக்கு நடுவில் புள்ளி, கரிக்கு முழுதும் கறுப்பு, கந்தகத்துக்கு உள்ளே சிலுவை. எத்தனை அணுக்களோ அத்தனை வட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

நீரில் எத்தனை வட்டங்கள்? இங்கேதான் டால்டன் இடறினார். ஓர் அணுவின் எடையை அறியவேண்டுமானால் கூட்டுப்பொருளில் எத்தனை அணுக்கள் உள்ளன என்று தெரிந்திருக்கவேண்டும். எத்தனை அணுக்கள் என்று அறியவேண்டுமானால் ஒவ்வொன்றின் எடையும் தெரிந்திருக்கவேண்டும். பூட்டுக்குள் சாவியை வைத்துப் பூட்டியாகிவிட்டது. இரண்டு மூலப்பொருள்கள் சேர்ந்து ஒரே ஒரு கூட்டுப்பொருள்தான் தெரியவந்திருக்கிறது என்றால், இயற்கை எளிமையை விரும்புமாகையால், ஒன்றுக்கு ஒன்று என்றே கொள்வோம் என்று டால்டன் விதி செய்தார். அந்த விதிப்படி நீர் ஒரு புள்ளி வட்டமும் ஒரு வெறும் வட்டமும்தான். இன்றைய எழுத்தில் சொன்னால் 'எச்ஓ'. ஹைட்ரஜனை 1 என்று வைத்தால் ஆக்ஸிஜன், நுட்பமான தராசில், 8 ஆயிற்று. ஆதாரமில்லாத விதி என்பதைத் தவிர அதில் வேறு குற்றமில்லை.

வட்டங்களை எழுத்துகளாக்கியவர் சுவீடனைச் சேர்ந்த பெர்ஸீலியஸ். மூலப்பொருளின் லத்தீன் பெயரின் முதலெழுத்தையோ, அதோடு மற்றோர் எழுத்தையும் சேர்த்தோ குறியாக வைத்துக்கொண்டால், எழுதுவதும் எளிது, அச்சிட்ட புத்தகமும் அலங்கோலமாகாது என்று 1813-14இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் எழுதினார். ஆங்கிலத்தில் 'அயர்ன்' என்பதற்கு 'எஃப்ஈ' என்றும், 'சில்வர்' என்பதற்கு 'ஏஜி' என்றும் குறி வருவானேன் என்று முதல் நாள் ரசாயன வகுப்பில் விழிக்காத மாணவன் யார்? 'பெர்ரம்', 'அர்ஜென்டம்' என்னும் லத்தீன் பெயர்களை அறிந்தால் விழிக்கவேண்டியதில்லை. அணுக்களின் எண்ணிக்கையைப் பெர்ஸீலியஸ் எழுத்தின் தலைமேல் ஏற்றினார். லீபிக்கும் போகென்டார்ப்பும் 1834இல் அதைக் காலடிக்கு இறக்கினார்கள். டால்டனுக்கு இந்த எழுத்துகள் அறவே பிடிக்கவில்லை. இளம் மாணவன் இவற்றைக் கற்பதும் ஹீப்ரு பாஷையைக் கற்பதும் ஒன்றே என்ற கருத்தில் தம் முதுமையில் ஒரு கடிதம் எழுதினார். ஆனால் அச்சுக்கூடத்துக்காரர்கள் பெர்ஸீலியஸ் பக்கம் நின்றார்கள். அவர்களிடம் 'எச்' என்ற அச்சும் 'ஓ' என்ற அச்சும் ஏற்கெனவே இருந்தன. டால்டனின் வட்டங்களை வார்க்கவேண்டும்.

நம் நாட்டிலும் பெயர்களைப் பற்றிய வாதம் நீண்டது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்தியத்தைத் தமிழில் கற்பித்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிரீன், 1875இல் வெளிவந்த ரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றே பெயர் வைத்தார். 1916இல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் விஞ்ஞானச் சொற்களைத் தமிழில் ஆக்கவென்றே ஒரு சங்கம் கண்டார்கள். பின்னர் அவரே 'திண்ணை ரசாயனம்' எழுதினார். பெயர் எதுவானாலும், இன்று நம் பாடப்புத்தகங்களில் குறியீடு மட்டும் பெர்ஸீலியஸ் வைத்ததுதான்.

பெர்ஸீலியஸின் ஆய்வுக்கூடத்தைப் பற்றி, அவரிடம் 1823இல் பயிலச் சென்ற ஜெர்மானிய இளைஞர் வோலர் எழுதிவைத்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ஸ்டாக்ஹோமில் அவருடைய சமையலறைக்கு அடுத்த அறைகளே ஆய்வுக்கூடம். சமையல் செய்யும் அன்னா என்ற பெண்மணியே சோதனைப் பாத்திரங்களையும் தேய்த்துக் கழுவுவாள். ஒரு நாள் பாத்திரம் ஒன்றை முகர்ந்து, ஆக்ஸி-மியூரியாட்டிக் அமில வாடை அடிக்கிறது என்று அவள் முறையிட்டாள். குளோரின் ஒரு மூலப்பொருள் என்னும் டேவியின் கூற்றை அதுவரை பல ஆண்டுகள் எதிர்த்துவந்த பெர்ஸீலியஸ், அப்பொழுதுதான் மனம் மாறியிருந்தார். இனி அப்படிச் சொல்லவேண்டாம், குளோரின் என்று சொல், அதுதான் நல்லது என்று அவளுக்குச் சொன்னாராம். ஐரோப்பாவின் மகா ரசாயனி தம் தோல்வியை முதலில் ஒப்புக்கொண்டது பாத்திரம் தேய்க்கும் இடத்தில்!

இதற்கிடையில் நீரின் கணக்குக்குச் சாவி கிடைத்திருந்தது. ஆனால் எடுத்துத் திறப்பார் இல்லை. ஹைட்ரஜன் 2 கன அளவும் ஆக்ஸிஜன் 1 கன அளவும் சேர்ந்து நீராவி 2 கன அளவு ஆகின்றன என்று 1808இன் கடைசி நாளில் கேலூசாக் பாரிஸில் வாசித்தார். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சமமான கன அளவுள்ள வாயுக்களில் சமமான எண்ணிக்கையுள்ள மூலக்கூறுகள் இருக்கின்றன என்று கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும், ஆக்ஸிஜன் வாயுவின் மூலக்கூறு நீராகும்போது இரண்டாகப் பிளக்கவேண்டியிருப்பதால் அதில் ஆக்ஸிஜன் அணுக்கள் ஜோடியாகவே இருக்கவேண்டும் என்றும் 1811இல் இத்தாலியர் அவகாட்ரோ எழுதினார்.

ஏன் ஒருவரும் செவிசாய்க்கவில்லை? காரணம் பிணைப்பைப் பற்றிய அன்றைய நம்பிக்கை. மின்சாரத்தால் கூட்டுப்பொருள்களைப் பிரித்துப் பழகிய பெர்ஸீலியஸ், அணுக்களைச் சேர்த்துப் பிடிப்பது மின்சாரக் கவர்ச்சியே என்றார்; ஒன்று நேர்மின் தன்மையும் மற்றொன்று எதிர்மின் தன்மையும் கொண்டிருந்தால்தான் இரண்டும் கூடும். சமையலுப்பின் சோடியமும் குளோரினும் அவ்வாறே கூடின. அவர் சொன்னதில் பாதி இன்றும் உண்மை. ஆனால் ஆக்ஸிஜனோடு ஆக்ஸிஜன் எப்படிக் கூடும்? ஒரே தன்மையுள்ளவை விலக்கவேண்டுமேயன்றி அணைக்கக்கூடாது. ஆகவே ஜோடி ஆக்ஸிஜன் என்பது அபத்தம் என்று முடிந்தது. ஏறக்குறைய 2000 கூட்டுப்பொருள்களைத் தம் கையால் பகுத்து, 1818இலேயே வியக்கத்தக்க அணு எடைப் பட்டியலைத் தந்த மனிதர், நீரில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உண்டென்று சரியாகவே எழுதியும், அவகாட்ரோவின் வாசலை மட்டும் மூடிவிட்டார். பிறகு வந்தவர்கள் அணுவே வேண்டாம், சம எடை போதும் என்று 8க்கும் 'எச்ஓ'வுக்கும் திரும்பினார்கள்.

விளைவைக் கேளுங்கள். ஒருவர் கரியின் எடை 6 என்பார், மற்றவர் 12 என்பார். ஒருவருடைய நீர் 'எச்ஓ', மற்றவருடையது 'எச்2ஓ'. வினிகரில் புளிப்பாக இருக்கும் அசெட்டிக் அமிலத்துக்கு மட்டும் அன்று வழங்கிவந்த 19 வாய்பாடுகளைக் கெக்குலே 1861இல் தம் பாடநூலில் அடுக்கிக் காட்டியிருக்கிறார். 'இரட்டை ரகசிய'த்திலிருந்து மீண்ட சாஸ்திரம் பத்தொன்பது ரகசியங்களில் போய் விழுந்தது.

இதற்கு முடிவு கட்டவேண்டுமென்று கெக்குலே முதலியோர் முயன்று, 1860 செப்டம்பர் 3ஆம் தேதி தெற்கு ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரத்துச் சட்டசபை மண்டபத்தில் பல நாட்டு ரசாயனிகளைக் கூட்டினார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் வந்தார்கள். ரசாயனத்தில் சர்வதேச மாநாடு என்பதே அதுதான் முதல். மூன்று நாள் பேசினார்கள். அவர்களுள் 34 வயதான ஸ்தானிஸ்லாவோ கன்னிசாரோ என்ற சிசிலிக்காரர் ஒருவர்; 1848 புரட்சியில் பீரங்கிப் படையில் பணியாற்றித் தேசாந்தரம் போனவர். அவருடைய உபாயம் எளியது. அவகாட்ரோவை நம்பி, ஆவியின் அடர்த்தியிலிருந்து மூலக்கூறுகளின் எடையைக் கணக்கிடுங்கள். ஒவ்வொன்றிலும் ஹைட்ரஜன் எத்தனை பங்கு என்று பாருங்கள். உப்பு அமில வாயுவில் 1, நீரில் 2, ஹைட்ரஜன் வாயுவில் 2, அம்மோனியாவில் 3. ஒன்றுக்குக் கீழே வருவதில்லை. அரையோ முக்காலோ எங்கும் இல்லை. ஆகவே அந்த 1தான் அணு. ஆக்ஸிஜனைப் பாருங்கள்: நீரில் 16, கரியமிலவாயுவில் 32. 8 எங்கேயும் தலைகாட்டவில்லை. ஆகவே அணுவின் எடை 16. நீரில் 16 பங்கு ஆக்ஸிஜனுக்கு ஹைட்ரஜன் 2 பங்கு. 'எச்2ஓ' என்பது ஊகமாக இல்லாமல் கணக்காக வந்துவிட்டது.

மாநாடு எந்த முடிவையும் யார் மீதும் கட்டாயமாக்கவில்லை. விஞ்ஞானத்தை வாக்கெடுத்து முடிவு செய்வதெப்படி என்று கலைந்துவிட்டார்கள். கலையும் சமயத்தில், கன்னிசாரோவின் நண்பர் பவேசி, 1858இல் அச்சான அவருடைய சிறு பிரசுரத்தை வந்தவர்கள் கையில் கொடுத்தார். அதை ஊர் திரும்பும் வழியில் படித்த லோதர் மேயரின் ஐயங்கள் யாவும் அகன்றன. மாநாட்டுக்கு வந்திருந்த 26 வயது ருஷ்ய இளைஞர் மெண்டலீவ், புதிய அணு எடைகளின் முக்கியத்துவத்தை விவரித்துத் தம் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். மூலப்பொருள்களை வரிசைப்படுத்தப்போகிற இருவரும் ஒரே மண்டபத்திலிருந்து எழுந்து போனார்கள். அவகாட்ரோ டூரின் நகரில் காலமாகி அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆக்ஸிஜன் அணு இரண்டு ஹைட்ரஜனோடு நிற்பானேன், நைட்ரஜன் மூன்றையும் கரி நான்கையும் பற்றுவானேன் என்பதும், பெர்ஸீலியஸுக்கு அபத்தமாகத் தோன்றிய ஜோடி எவ்வாறு கூடிற்று என்பதும் அடுத்த இதழில் வரும். அதற்குள் வாசகர்கள் தங்கள் ஊர் நாட்டு மருந்துக் கடையில் சிறிது மயில்துத்தமும், துரு ஏறாத ஓர் இரும்பு ஆணியும் வாங்கி வைத்துக்கொள்ளுமாறு வேண்டிக்கொள்கிறேன். மயில்துத்தம் விஷமாகையால் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.

(தொடரும்)